பதினேழாவது கட்டத்தில் ஒரு கிணறு

நேரில் எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்து போனதும் ஏனம்மா என்பார்கள். கட்டட அனுமதி அலுவலகத்தில் கள ஆய்வாளராக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள். எந்தக் கோப்பைக் கையில் கொடுத்தாலும் முதல் பக்கத்தைத் திருப்பும்போதே "ஏன்?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஏன் இந்த வீட்டுக்கு மூன்று வாசல், ஏன் இந்த மனையில் ஒரு இடத்தில் மட்டும் மண் வட்டமாக நிறம் மாறியிருக்கிறது, ஏன் இந்த ஆளுக்குக் கையெழுத்துப் போடும்போது இப்படி வியர்க்கிறது. பாதி ஏன்களுக்குச் சுவாரசியமே இல்லாத பதில்தான் கிடைக்கும். வட்டமாக நிறம் மாறிய இடத்தில் யாரோ ஒரு வருடம் தண்ணீர்த் தொட்டியை வைத்திருப்பார்கள். அதற்காக அவள் கேட்பதை நிறுத்தியதில்லை. கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று காலை அவளுக்கு வந்தது ஒரு சின்ன வீட்டின் கோப்பு. முப்பதுக்கு ஐம்பது அடி மனை, ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, பின்னால் துவைக்கிற இடம். மனைக்காரன் தொழில் வெல்டர் என்று இருந்தது. இதையெல்லாம் கள ஆய்வுக்கு அனுப்பவே மாட்டார்கள். வீடு கட்டுகிறவர் படிவம் ஏழு என்கிற சுற்றுச்சூழல் உறுதிமொழியை நிரப்பிக் கொடுத்தால் போதும். நாற்பத்திரண்டு கேள்விகள். சதுப்பு நிலம் உண்டா, பறவைகள் கூடு கட்டுகின்றனவா, கழிவுநீர் எங்கே போகும் என்று புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரரைப் போல அந்தப் படிவம் துருவித் துருவிக் கேட்கும். எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டால் கோப்பு நேராக மேலே போய்க் கையெழுத்தாகிவிடும். இது தெரியாத ஆள் யார்? அதனால் எல்லோரும் மேலிருந்து கீழ்வரை இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்த வெல்டரும் அப்படித்தான் போட்டிருந்தான், பதினேழாவது கட்டத்தைத் தவிர. 'மனைக்குள் உள்ள கிணறுகள், ஊற்றுகள் (எண்ணிக்கை, எழுத்தால்)' என்பது கேள்வி. அதற்குத் திரையில் தெரிந்த பதில்: ஒன்று.

ஏனம்மாவுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இருபத்திரண்டு வருடத்தில் மனைக்குள் கிணறு இருக்கிறது என்று தானாக முன்வந்து சொன்ன ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. கிணறு இருந்தால் அதைச் சுற்றி மூன்று மீட்டருக்குக் கட்டடம் கூடாது. கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டே கிணறு இல்லை என்று சொன்னவர்களைத்தான் அவளுக்குத் தெரியும்.

யார் இந்த அரிச்சந்திரன் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே பதிவு ஜன்னலில் குரல் உயர்ந்தது.

"ஐயா, நாங்க ஒன்றுமில்லைன்னுதான் எழுதிக் குடுத்தோம். இதோ பாருங்க காகிதம்."

"கணினியில என்ன இருக்கு?"

"ஒன்றுன்னு இருக்குதாம். போனுக்குச் செய்தி வந்திருக்கு. என் மனையில இருக்கிற கிணத்தைப் பார்க்க ஆள் வருதாம். இல்லாத கிணத்தை எப்படி ஐயா பார்ப்பாங்க?"

"கணினியில ஒன்றுன்னு இருந்தா நீங்க எழுதினது ஒன்று. பதிவானதுதான் விண்ணப்பம். கையில வச்சிருக்கிறது வெறும் காகிதம்."

சொன்னவர் பதிவுக்காரர். மக்கள் கையால் நிரப்பிக் கொண்டுவரும் படிவத்தைக் கணினியில் தட்டிவிட்டு, காகிதத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. 'இது காகிதமில்லா அலுவலகம்' என்று ஒரு காகிதத்தில் அச்சடித்து ஜன்னலுக்கு மேல் ஒட்டியிருந்தார். திரையைப் பார்க்காமலே தட்டச்சு செய்வார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஏனம்மா வெளியே வந்தாள். ஜன்னலுக்கு முன்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றிருந்தான். இரண்டு முன்கையிலும் தீப்பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். அவன் நீட்டிய காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பதினேழாவது கட்டத்தில், முத்து முத்தான கையெழுத்தில், 'ஒன்றுமில்லை' என்று தெளிவாகத்தான் இருந்தது.

"இது உங்க கையெழுத்தா தம்பி?"

"என் வீட்டுக்காரி எழுதினது மேடம். நான் எழுதினா எனக்கே படிக்க வராது."

"ஏன் ஒன்று மட்டும் வந்துச்சு, மீதி எங்க போச்சு?" என்று பதிவுக்காரரைக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் மேடம். நான் இருக்கிறதை இருக்கிறபடி தட்டறவன்."

"வெறும் படிவம் ஒண்ணு திறங்க. பதினேழுல ஒன்றுமில்லைன்னு தட்டுங்க. திரையைப் பார்த்துத் தட்டுங்க."

அவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு தட்டினார். 'ஒன்று' வரை வந்தது. அதற்குமேல் கட்டம் ஒரு எழுத்தையும் வாங்க மாட்டேன் என்றது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். கட்டம் வாயை மூடிக்கொண்டுவிட்டது.

"இல்லைன்னு தட்டுங்க."

இல்லை முழுசாக உட்கார்ந்தது.

"இரண்டு?"

'இரண்ட' என்று நின்றது. மூன்று 'மூன்ற' ஆனது. நான்கு 'நான்க' ஆனது. ஐந்து மட்டும் ஜம்மென்று முழுசாக வந்தது.

ஏனம்மாவுக்கு விஷயம் பிடிபட இரண்டு நிமிடம் ஆனது. நமக்கு 'ஒன்று' என்பது மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து. புள்ளியைத் தனியாக எண்ணும், உகரக் கொக்கியைத் தனியாக எண்ணும். அந்தக் கட்டத்தைச் செய்தவர் யாரோ, அதில் இல்லை என்று தட்டிப் பார்த்திருக்கிறார். சரியாக ஐந்து. அதனால் கட்டத்துக்கு ஐந்தே இடம் வைத்திருக்கிறார். வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டார். வேறு பதில் வரும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

"அஞ்சு கிணறு வச்சுக்கலாம், ரெண்டு வச்சுக்கக் கூடாது போல," என்றாள் ஏனம்மா. பதிவுக்காரர் சிரிக்கவில்லை.

வெல்டருக்கும் சிரிப்பு வரவில்லை. "மேடம், பிழைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. நீங்க திருத்திக் குடுத்துடுங்க. ஒண்ணாந்தேதிக்குள்ள எனக்கு அனுமதி கைக்கு வரணும்."

அவன் அவசரத்தில் நியாயம் இருந்தது. அவன் மனை தாழ்வான பகுதி. மழைக்காலம் தொடங்கும் ஒன்றாம் தேதியிலிருந்து நான்கு மாதம் அங்கே யாரும் அஸ்திவாரத்துக்கு மண் தோண்டக் கூடாது என்று விதி. இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. விண்ணப்பத்தைத் திருத்த மனுக் கொடுத்தால் அதற்கே பதினைந்து நாள் ஆகும். ஆனால் கள ஆய்வாளர் நினைத்தால் ஒரு நொடியில் முடியும். ஆய்வுத்தாளின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு, 'பதிவு சரி', 'பதிவில் பிழை' என்று. பிழையில் ஒரு டிக் போட்டால் ஒன்று இல்லையாகிவிடும், கோப்பு மேலே பறந்துவிடும்.

"நாலு மாசம் கழிச்சுக் கட்டினா என்ன தம்பி? ஏன் இவ்வளவு அவசரம்?"

அவன் ஜன்னலைப் பார்த்தான், பதிவுக்காரரைப் பார்த்தான், பின்பு குரலைத் தாழ்த்தினான். "ஆறு வருஷமா மச்சான் வீட்டுல இருக்கோம் மேடம். ரெண்டே ரூம், ஒன்பது பேரு. பொம்பளைங்க ஒரு ரூம், ஆம்பளைங்க ஒரு ரூம். மச்சான் நல்லவரு, ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா கல்யாணமாகி ஆறு வருஷம் மேடம்."

அதற்குமேல் அவன் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. ஏனம்மா பேனாவைத் திறந்தாள். ஆய்வுத்தாளின் அடிக்கட்டத்துக்கு மேல் பேனா போய் நின்றது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிழை. போட்டிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு ஏன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஊரே இல்லை என்று எழுதும்போது அந்தப் பெண் மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்று எழுதினாள்? இது கிணற்றைப் பற்றிய சந்தேகமே அல்ல. கிணறு இல்லை என்பதில் ஏனம்மாவுக்கும் அப்போது சந்தேகம் இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் போனால் அவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலையில வரேன். பார்க்காம டிக் போடறது எனக்குப் பழக்கமில்ல. உங்க வீட்டுக்காரியையும் வரச் சொல்லுங்க," என்றாள்.

வெல்டரின் முகம் தொங்கிப்போனது.

மறுநாள் காலை அவள் பேருந்திலிருந்து இறங்கி, தெருக்கோடி வரை நடந்தாள். ஒரு பக்கம் சேமிப்புக் கிடங்கின் மதில், பின்னால் ஒரு சந்து, நடுவில் மொட்டையாக அந்த மனை. சுவர் இல்லை, வேலி இல்லை. ஆனால் ஒரு கதவு இருந்தது. சட்டமும் கீலும் தாழ்ப்பாளும் பூவேலைப்பாடுமாக ஒரு இரும்புக் கதவு, ஒரு நீளமான கல்லின் மேல் சாய்ந்து நின்றது. மண்ணில் சுண்ணாம்புத் தூளால் வீட்டின் கோடுகள் முழுசாகப் போட்டிருந்தார்கள்.

ஏனம்மா மனையின் குறுக்கே ரெண்டடி வைத்தாள்.

"மேடம், அது சமையலறைச் சுவரு," என்றது ஒரு குரல். "வாசல் இந்தப் பக்கம்."

வெல்டரின் மனைவி கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, தோளில் ஒரு துணிப்பை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏனம்மா மறுபேச்சு பேசாமல் பின்வாங்கி, கோட்டில் இடைவெளி விட்டிருந்த இடத்துக்குச் சுற்றிக்கொண்டு போய், வாசல் வழியாக உள்ளே வந்தாள். அந்தக் கணமே அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

"கதவு முதல்லயே செஞ்சாச்சா?"

"அதுதான் இவருக்கு முக்கியம்," என்றாள் அவள். வெல்டர் தலையைச் சொறிந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. எல்லாரும் இல்லைன்னு எழுதறாங்க. நீ ஏன் ஒன்றுமில்லைன்னு எழுதின?"

அவள் கொஞ்சம் விழித்தாள். இப்படி ஒரு கேள்விக்காக ஒரு அதிகாரி பேருந்து ஏறி வருவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டாள். "எத்தனைன்னு கேட்டிருந்துச்சு மேடம். எத்தனைன்னு கேட்டா இல்லைன்னா சொல்வாங்க?"

"சரிதான்."

"அதுவுமில்லாம அது கைக்குத் தானா வந்துடுச்சு. அங்க வீட்டுல நான் அதிகமாச் சொல்ற வார்த்தை அதுதான்."

வெல்டர்தான் மீதியைச் சொன்னான். வேலை முடிந்து அவன் வீட்டுக்கு வருவான். கூடத்தில் மச்சான், மச்சானின் பிள்ளைகள், மச்சான் மனைவியின் தம்பி என்று ஏழு பேர் இருப்பார்கள். இவள் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். முகம் ஒரு மாதிரி இருக்கும். என்ன என்று கேட்பான். ஏழு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒண்ணுமில்ல என்பாள். மறுநாளும் என்ன, மறுநாளும் ஒண்ணுமில்ல. "ஆறு வருஷத்துல எவ்வளவோ சேர்ந்திருக்கும் மேடம். எதுவும் எனக்குத் தெரியாது," என்றான்.

மனைவி சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனம்மாவுக்கு மனசு கனத்தது. அடக் கடவுளே, இதுகளுக்கு ஒரு டிக் போட்டுத் தொலைத்திருக்கலாமே நேற்றே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. தாளை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டாள். விட்ட கை அப்படியே நின்றது.

பின்சந்திலிருந்து மனைக்குள் தட்டையான கற்கள் ஒரு வரிசையாக வந்தன. ஆறு கற்கள், ஒரு தப்படிக்கு ஒன்று. பாதிக்கு மேல் மண்ணில் புதைந்திருந்தன. ஆறாவது கல்லோடு வரிசை நின்றுபோனது. அதற்கப்புறம் வெறும் மண்.

"இந்தக் கல்லெல்லாம் நீங்க போட்டதா?"

"இல்ல மேடம். வாங்கும்போதே கிடந்துச்சு."

"ஏன் போட்டிருப்பாங்க? கால் வச்சு நடக்கத்தானே கல் போடுவாங்க. நடந்து இங்க வந்து என்ன பண்ணியிருப்பாங்க, இங்கதான் எதுவுமே இல்லையே."

"யாராவது குடிசை போட்டிருந்திருப்பாங்க," என்றான் வெல்டர். அவனுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

"காலு சேறாகாம இருக்கிறதுக்குத்தான் கல்லு போடுவாங்க," என்றாள் மனைவி மெதுவாக. "குடிசைக்குப் போற வழி ஏன் சேறாகுது?"

ஏனம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு ஏன் கேட்கிற ஆளை அலுவலகத்தில் இத்தனை வருடம் தேடியும் கிடைக்காமல், இங்கே மொட்டை மனையில் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. இரண்டு பேருமாகக் கற்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஏனம்மாவின் கண் இரும்புக் கதவைச் சாய்த்து வைத்திருந்த நீளக் கல்லுக்குப் போனது.

"இது எங்க கிடந்துச்சு?"

"இங்கேயேதான். நான் உட்கார்ந்து சாப்பிடறது இதுமேலதான்," என்றான் வெல்டர்.

கல்லின் ஒரு ஓரத்தில் ஐந்தாறு பள்ளங்கள் இருந்தன. விரல் அகலம். ஏனம்மா ஒரு பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து இழுத்தாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று வழுக்கிக்கொண்டு போனது. "தம்பி, நீங்க இரும்பு வேலை செய்யறவரு. ஒரு பொருள் இப்படித் தேயணும்னா அதுமேல என்ன ஓடியிருக்கணும்?"

வெல்டர் சும்மா பார்க்கத்தான் வந்தான். விரலை வைத்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டான். தேய்மானம் அவன் தொழில். "கயிறு," என்றான். "ரொம்ப வருஷம் கயிறு ஓடியிருக்கு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆறாவது கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு அப்பால் மனையின் இடது பின்மூலை. சுண்ணாம்புக் கோட்டின்படி அது படுக்கையறை.

வெல்டர் கடப்பாரையை எடுத்துவந்தான். ஆறாவது கல்லின் அருகே நின்று தூக்கிப் போட்டான். ணங் என்றது. ஓரடி தள்ளிப் போட்டான். அதே ணங். படுக்கையறைக் கோட்டைத் தாண்டி இரண்டடி உள்ளே போட்டான். டொம் என்றது. உள்ளே யாரோ பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்திருப்பது போல அந்தச் சத்தம் கீழே கொஞ்ச நேரம் சுற்றியது.

"எட்டிப் போங்க ரெண்டு பேரும்," என்றான் வெல்டர். அவன் குரல் மாறியிருந்தது. தானும் வெளியே வந்து, ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து மண்ணை வாரினான். ஒரு முழம் தோண்டியதும் இரும்புத் தகடு தட்டுப்பட்டது. ஆணி அடித்து இணைத்த பழைய கொதிகலன் தகடு. யாரோ கிணற்றின் வாயில் அதைப் போட்டு மூடி, மேலே மண்ணைப் பரப்பி, மனையாக விற்றுவிட்டார்கள். கொத்துளியால் ஓரத்தில் லேசாகத் தட்டினான். துரு செதில் செதிலாகப் பெயர்ந்து, உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்தது. விரலை விட்டுத் தகட்டின் கனத்தைப் பார்த்தான்.

"காகிதம்," என்றான். "இன்னும் ஒரு மழை தாங்காது."

ஏனம்மா ஒரு கூழாங்கல்லை எடுத்து ஓட்டையில் போட்டாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். மூன்று சொல்வதற்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.



"ஞாயித்துக்கிழமையெல்லாம் நாங்க இங்கதான் வந்து உட்காருவோம்," என்றாள் மனைவி. "ரூமுக்குள்ளன்னு. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்போம்." அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் காட்டினாள். ஓட்டையிலிருந்து ஒரு சாண்தான் இருக்கும். வெல்டர் பலகையிலிருந்து எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்நிய ஆள் நிற்கிறார் என்று இருவரும் யோசிக்கவில்லை. நேற்று பேனா எந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது என்று ஏனம்மா நினைத்துப் பார்த்தாள்.

பயம் தெளிந்ததும் வெல்டருக்கு அடுத்த பயம் வந்தது.

"அப்போ வீடு போச்சா மேடம்?"

"ஏன் போகணும்?"

"கிணறு இருக்கிறதை மறைச்சா விண்ணப்பத்தை ஒரேயடியாத் தள்ளிடுவாங்கன்னு படிவத்துக்கு அடியிலேயே போட்டிருக்கு. ஒரு வருஷத்துக்குத் திரும்பப் போட முடியாதாம். சத்தியமா எங்களுக்குத் தெரியாது மேடம். ஆனா நாங்க ஒன்றுமில்லைன்னுதானே எழுதியிருக்கோம்." சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தான். நேற்று அவனுக்கு அதுதான் ஒரே சாட்சி. ஜன்னலில் தூக்கித் தூக்கிக் காட்டினான். இன்றைக்கு அது அவன் கையைச் சுட்டது.

ஏனம்மா ஆய்வுத்தாளை எடுத்து, அந்த நீளக் கல்லின் மேல் வைத்தாள். "தம்பி, பதிவுக்காரர் நேத்து உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"எதை மேடம்?"

"எது விண்ணப்பம்னு சொன்னாரு?"

"பதிவானதுதான் விண்ணப்பம்னாரு. கையில இருக்கிறது வெறும் காகிதம்னாரு."

"பதிவுல என்ன இருக்கு?"

வெல்டருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது. "ஒன்று," என்றாள்.

"இங்க எத்தனை இருக்கு?"

"ஒண்ணு," என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஏனம்மாவுக்கு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. இருபத்திரண்டு வருடத்தில் பார்க்காத ஒன்றை அவள் எழுதியதில்லை. எழுதப்போவதைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தாள். 'பதிவில் கிணறு ஒன்று. மனையில் கிணறு ஒன்று. பொருந்துகிறது.' இதில் எந்த வார்த்தை பொய்? ஒன்றுமில்லை. 'பதிவு சரி' என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள்.

"சொல்லாத கிணத்தைக் கண்டுபிடிச்சா தள்ளுபடி. சொன்ன கிணத்துக்கு மூணு மீட்டர் தள்ளிக் கட்டணும், அவ்வளவுதான். வரைபடத்தை என் குறிப்புப்படி மாத்திக் குடுத்தா அது திருத்தம். புது விண்ணப்பம் கிடையாது. எவ்வளவு சீக்கிரம் வரைய முடியும்?"

"வரைபடக்காரர் ஒரு வாரம் கேப்பாரு," என்றான் வெல்டர். மூணு மீட்டரைக் கண்ணால் அளந்தவனுக்கு முகம் மறுபடி வாடியது. "படுக்கையறை மொத்தமும் போயிடும் மேடம். கூடமும் சமையலறையும்தான் மிஞ்சும்." அந்த ஒரு அறைக்காகத்தானே அவன் வீடே கட்டுகிறான்.

மனைவி துணிப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்தாள். மெழுகுத்தாள் போல ஒளி ஊடுருவும் தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பின்பு தாளை அப்படியே பின்பக்கம் திருப்பி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இடது வலமானது. கிணற்று மூலையில் இருந்த படுக்கையறை மறுமூலைக்குப் போய்விட்டது. அங்கே இருந்த துவைக்கிற இடம் கிணற்றின் பக்கம் வந்து உட்கார்ந்தது.

"இப்படிக் கட்டினா?" என்றாள்.

ஏனம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். எழுத்துகள் மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறித் தெரிந்தன. மற்றபடி ஒரு சுவர்கூடக் குறையவில்லை. கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, கிணற்று வாயிலிருந்து புது அறை வரும் இடம் வரைக்கும் மண்ணில் அளந்தாள். மூன்று மீட்டர் இருபது.

"துவைக்கிற இடத்துல கிணறு. ஏன் முதல்லயே இப்படி வரையலன்னு கேக்கத் தோணுது," என்றாள்.

வெல்டர் தன் இரும்புக் கதவைப் பார்த்தான். வீட்டை இப்படித் திருப்பிக் கட்டினால் கதவும் மறுபக்கம் திறக்க வேண்டும். "கீலை அறுத்து மாத்தி வைக்கணும். ஒரு மணி நேர வேலை," என்றான். அவன் குரலில் உயிர் வந்திருந்தது.

திருத்திய வரைபடம் மூன்றாம் நாளே வந்தது. அவள் குறிப்போடு கோப்பு மேலே போனது. மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, கிணறு இருக்கிறது என்று தானாகச் சொன்ன ஆளை நான் பார்க்கணுமே என்றார். நல்ல மனிதர்கள் சார் என்று மட்டும் சொன்னாள். கணினிப் பிரிவுக்குப் பதினேழாவது கட்டத்தைப் பற்றி எழுதினாள். இரண்டு கிணறு உள்ள மனைகள் மொத்தம் எத்தனை என்று அங்கிருந்து பதில் கேள்வி வந்தது. அவர்களுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒரு விஷயம் அவளைக் குடைந்தது. 'ஒன்று' என்று பதிவானதால் அவள் போய்ப் பார்த்தாள். 'இல்லை' என்று பதிவான கோப்புகள் அலமாரி அலமாரியாக, வருடம் வருடமாக இருக்கின்றன. அவற்றை யாரும் போய்ப் பார்த்ததில்லை. பதிவுக்காரரிடம் கடந்த ஐந்து வருடப் பட்டியலைக் கேட்டாள். ஏன் மேடம் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் முன்பு அனுமதிக் கடிதம் கையெழுத்தானது. மண் தோண்டுவதற்கு முன் கிணற்று வாயைக் கம்பி வலையால் மூடியிருக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. அதைச் சரிபார்க்கவும் கடிதத்தைக் கையில் கொடுக்கவும் ஏனம்மா மாலையில் போனாள். அலுவலக உதவியாளரிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். கொடுத்தனுப்பவில்லை.

பழைய கோடுகளை அழித்துவிட்டு, சுண்ணாம்பு வீட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். மூலையில் கிணற்றின் மேல் புது வலை, நாலு ஆள் ஏறி நின்றாலும் அசையாத கனத்தில். கயிறு தேய்ந்த கல்லைக் கிணற்றோரம் கொண்டுபோய் வைத்திருந்தான் வெல்டர். இரும்புக் கதவுக்குக் கால் வைத்து வெல்டு செய்து, வாசல் வரும் இடத்தில் நிற்க வைத்திருந்தான். சுவரில்லாத வீட்டுக்குக் கதவு மட்டும் வந்துவிட்டது.

ஏனம்மா கதவு வழியாகத்தான் உள்ளே போனாள். கிணற்று வலையைக் காலால் அழுத்திப் பார்த்தாள். கடிதத்தைக் கொடுத்தாள். வெல்டர் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, மனைவியிடம் நீட்டினான். அவள் படுக்கையறைக் கோட்டுக்குள் நின்று படித்தாள். படித்து முடித்தும் தலை நிமிரவில்லை. தோள் குலுங்கியது.

"என்ன?" என்றான் வெல்டர்.

கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஆறு வருடமாகத் தினமும் கேட்ட அதே கேள்வி. தினமும் கிடைத்த பதிலுக்காக அவன் காத்து நின்றான். அவள் நிமிர்ந்து ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். கிடங்கு மதில், பின்சந்து, காலி மனை. திரும்பிப் பார்க்க ஏழு பேர் அங்கே இல்லை.

"நிறைய இருக்கு," என்றாள். "உட்காருங்க, சொல்றேன்."

என்ன இருக்கிறது, எதிலிருந்து ஆரம்பிக்கப்போகிறாள் என்று தெரிந்துகொள்ள ஏனம்மாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. நாக்கு நுனி வரை வந்த கேள்வியை அவள் விழுங்கினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, சமையலறைச் சுவரை மிதிக்காமல் சுற்றி வந்து, கதவு வழியாக வெளியே இறங்கினாள். நாலடி நடந்திருப்பாள். பின்னால் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.